செத்துப் பத்து வாரம் கழித்து வந்து செருப்பு கேட்டவன்: ஸ்லாவ் ஊர்களின் வாம்பயரும் புதைப்பு வழக்கங்களும்

மழைக்காகிதம் · வெள்ளி, இரவு 10:47

மூன்று நாளாக ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

வருடம் 1725. செர்பியாவின் வடபகுதி அப்போது ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. டான்யூப் ஓரமாகக் கிசில்யேவோ என்று ஒரு கிராமம். அங்கே பெதார் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்து பத்து வாரம் ஆகியிருக்கிறது. அதன் பிறகு எட்டே நாளில் ஊரில் ஒன்பது பேர் சாகிறார்கள். கிழவர்களும் உண்டு, வாலிபர்களும் உண்டு. யாரும் ஒரு நாளுக்கு மேல் படுத்திருக்கவில்லை. "பெதார் தூக்கத்தில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான்" என்று சாகும் முன் சொல்லியிருக்கிறார்கள்.

ஊரார் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள், கழியை நெஞ்சில் இறக்கினார்கள், எரித்தார்கள். அந்தப் பகுதியை நிர்வகித்த ஆஸ்திரிய அதிகாரி கூடவே நின்று பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறார். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். என்னைப் பிடித்துக்கொண்டது நடுவில் வரும் ஒரே ஒரு வரி. பெதார் தன் மனைவியிடமும் போயிருக்கிறான். அவளைக் கடிக்கவில்லை, நெரிக்கவில்லை. "என் ஒபான்ட்சியைக் கொடு" என்று கேட்டிருக்கிறான். ஒபான்ட்சி என்பது அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் போடும் தோல் செருப்பு. அவள் வீட்டைப் போட்டுவிட்டு வேறு கிராமத்துக்குப் போய்விட்டாள்.

கோட்டையும் கிடையாது, கறுப்பு அங்கியும் கிடையாது. செத்தவன் வந்து செருப்பு கேட்கிறான். ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சும்மா_சுந்தர் · வெள்ளி, இரவு 11:05

குழிக்குள் கால் சில்லிட்டிருக்கும், வேறென்ன.

சீரியஸாகச் சொன்னால், இந்த வாம்பயர் கதை எல்லாமே போர்பீரியா என்கிற ரத்த நோய்தான். வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், ஈறு சுருங்கிப் பல் நீளமாகத் தெரியும். அந்தக் காலத்து ஜனங்களுக்குப் புரியவில்லை, பேய் என்றார்கள். முடிந்தது கதை. இழையை மூடலாம்.

---

தேரிக்காடு · சனி, காலை 7:20

சுந்தர், அவ்வளவு சீக்கிரம் மூட வேண்டாம். போர்பீரியாவை நம் டாக்டர் நைட்_டியூட்டி பார்த்துக்கொள்வார்.

மழைக்காகிதம் சொன்ன அறிக்கையை எழுதியவர் பெயர் ஃபிரோம்பால்ட். 1718இல் பசரோவிட்ஸ் ஒப்பந்தத்தில் துருக்கியர்கள் வட செர்பியாவை விட்டுக்கொடுத்தார்கள். 1739 வரை அந்த இடம் வியன்னாவின் ஆட்சியில் இருந்தது. வாம்பயர் என்ற சங்கதி மேற்கு ஐரோப்பாவுக்குத் தெரியவந்ததற்கு இந்த இருபது வருஷம்தான் காரணம். அதற்கு முன்னாலும் ஊரார் பிணத்தைத் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் பக்கத்தில் நின்று ஜெர்மன் மொழியில் குறிப்பெடுக்க ஆள் இல்லை. ஃபிரோம்பால்டின் அறிக்கை 1725 ஜூலை 21ஆம் தேதி வியன்னாப் பத்திரிகையிலேயே அச்சாகிவிட்டது.

அந்த மனிதரின் நிலைமையைப் பாருங்கள், பரிதாபமாக இருக்கும். ஊரார் வந்து, "தோண்டிப் பார்க்கப் போகிறோம், நீங்களும் பாதிரியாரும் வந்து நிற்க வேண்டும்" என்கிறார்கள். "பெல்கிரேடிலிருந்து அனுமதி வரட்டும்" என்கிறார் இவர். "அது வருவதற்குள் ஊரே காலியாகிவிடும். துருக்கியர் காலத்தில் இப்படி ஒரு கிராமமே அழிந்திருக்கிறது. நீங்கள் வராவிட்டால் நாங்கள் வீடு வாசலை விட்டுப் போகிறோம்" என்கிறார்கள். ஆளில்லாத கிராமத்தில் யாரிடம் வரி வசூலிப்பது? போய் நிற்கிறார்.

பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறார். நாற்றம் இல்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது. முடியும் தாடியும் வளர்ந்திருக்கின்றன, பழைய நகம் விழுந்து புது நகம் வந்திருக்கிறது. வெளுத்த பழைய தோல் உரிந்து அடியில் புதுத் தோல் தெரிகிறது. வாயில் ரத்தம். "வேறு சில காட்டுத்தனமான அறிகுறிகளும்" இருந்தனவாம், மேலிடத்தின் மீதுள்ள மரியாதையால் அவற்றை விட்டுவிடுகிறாராம். என்னவென்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது கடைசி வரி. "இதில் தவறு ஏதும் நடந்திருந்தால் அது என்னைச் சேராது, பயத்தில் நிலை தப்பிய கூட்டத்தைச் சேரும்" என்கிற அர்த்தத்தில் முடிக்கிறார். முந்நூறு வருஷம் ஆகியும் அரசாங்கக் கோப்பின் நடை மாறவில்லை.

---

நைட்_டியூட்டி · சனி, பிற்பகல் 2:32

//போர்பீரியா என்கிற ரத்த நோய்தான்//

இல்லை சுந்தர். இந்த ஊகம் 1980களில் பத்திரிகைகளில் பெரிதாக ஓடியது. அது சினிமா வாம்பயருக்குத்தான் பொருந்தும். வெயில் பட்டால் வாம்பயர் சாவான் என்பதே 1922இல் வந்த ஒரு ஜெர்மன் மௌனப்படத்தோடு தொடங்கியது. கிசில்யேவோக்காரர்கள் பார்த்தது வெளுத்து மெலிந்த ஆளை இல்லை. உப்பிச் சிவந்த பிணத்தை. செர்பிய மொழியில் "வாம்பயர் போலச் சிவந்தவன்" என்று சொலவடையே உண்டு. நோயைத் தேட வேண்டிய இடம் உயிரோடு இருந்தவர்களிடம். பெதாரிடம் நாம் தேட வேண்டியது பிணம் எப்படி அழுகும் என்பதை.

என் வேலையில் தினமும் பார்க்கிற விஷயங்கள் இவை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

இறந்த பிறகு குடலில் இருக்கும் கிருமிகள் வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு ஊதும், முகம் உப்பும், ஒல்லியானவர்கூட நல்ல சதைப்பிடிப்போடு தெரிவார். அந்த அழுத்தத்தில் நுரையீரலில் தேங்கிய கருஞ்சிவப்பு நீர் மூக்கு, வாய் வழியே வழியும். பார்ப்பவருக்கு அது ரத்தம் குடித்த வாய். மேல்தோல் கையுறை மாதிரி கழன்று வரும், நகமும் அதோடு சேர்ந்து வந்துவிடும். அடியில் ஈரமும் பளபளப்புமாக இளஞ்சிவப்புப் படலம் தெரியும். ஃபிரோம்பால்ட் அதைத்தான் புதுத் தோல், புது நகம் என்கிறார். முடி வளர்வதில்லை. தோல் வற்றிப் பின்வாங்குவதால் தாடி நீண்டதுபோல் தெரியும். அவர் மரியாதைக்காக விட்டுவிட்ட சமாச்சாரமும் வாயு வேலைதான்.

இப்போது ஊதிய நெஞ்சில் கழியை இறக்குங்கள். வாயு தொண்டை வழியாக வெளியேறும்போது முனகல் போலச் சத்தம் வரும், அடைபட்ட நீர் பீறிடும். ஊரார் கேட்டதும் பார்த்ததும் பொய்யில்லை. அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் வேறு.

"பத்து வாரம் கழித்துமா இப்படி?" என்று கேட்பீர்கள். காஸ்பர் என்ற 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் சொன்ன பழைய கணக்கு ஒன்று உண்டு. திறந்த வெளியில் ஒரு வாரத்தில் ஆகும் அழுகல், தண்ணீருக்குள் ஆக இரண்டு வாரம், மண்ணுக்குள் ஆக எட்டு வாரம். தோராயக் கணக்குதான், மண்ணையும் ஆழத்தையும் பொறுத்து மாறும். இருந்தாலும் அதன்படி பார்த்தால் பெதாரின் பத்து வாரம் வெளியில் ஒன்றேகால் வாரம். உப்பிச் சிவந்து கிடக்க வேண்டிய சரியான நேரத்தில்தான் திறந்திருக்கிறார்கள்.

---

சும்மா_சுந்தர் · சனி, பிற்பகல் 3:01

டாக்டர், நான் தாண்டவில்லை. தாண்டியிருக்க வேண்டும். கையில் தக்காளிச் சாதம்.

போர்பீரியாவை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். எல்லோரும் ஏன் வாம்பயர், வாம்பயர் என்கிறீர்கள்? டப்பிங் படங்களில் வருகிற மாதிரி ரத்தக் காட்டேரி என்று சொல்லலாமே?

---

தேரிக்காடு · சனி, மாலை 6:15

வேண்டாம் என்பேன். காட்டேரி வேறு ஜாதி. அதற்குக் கோயில் உண்டு, படையல் உண்டு. குறிப்பிட்ட ஓர் ஆளின் பிணம் எழுந்து வருவதில்லை அது. ஸ்லாவ் மக்களின் (ரஷ்யர், போலந்துக்காரர், செர்பியர் எல்லாம் இந்த இனம்தான்) வாம்பயருக்கு உடம்புதான் எல்லாமே. வீட்டு எண் மாதிரி கல்லறை அடையாளமும் ஊரறிந்த பெயரும் உண்டு.

சொல்லும் இடத்துக்கு இடம் மாறும். ரஷ்யர், உக்ரேனியர் வாயில் ஊபிர், போலந்தில் ஊபியூர். செர்பியாவில் வாம்பிர் என்பதோடு வூகோத்லாக் என்றும் சொல்வார்கள், ஓநாய் மயிர் என்று பொருள். கிரேக்கர்களின் விரிகோலகாஸ் அதிலிருந்து போனதுதான். இன்றைய குரோஷியாவில் இருக்கும் இஸ்திரியாவில் ஸ்திரிகோன். கிரிங்கா என்ற ஊரில் 1656இல் செத்த யூரே கிராந்தோ என்பவன் பதினாறு வருஷம் கதவைத் தட்டிக்கொண்டு திரிந்தானாம். எந்த வீட்டைத் தட்டினானோ அங்கே சாவு. 1672இல் ஒன்பது பேர் போய்த் தோண்டினார்கள். முள்மரக் கழி நெஞ்சில் இறங்காமல் எகிறியதால் தலையை வெட்டினார்கள். 1689இல் வால்வசோர் என்ற வரலாற்றாசிரியர் இதை எழுதிவைத்தார்.

சட்டத்தில் வந்ததோ அதற்கும் முன்னால். செர்பிய மன்னர் துஷான் 1349இல் கொண்டுவந்த சட்டத்தின் 20ஆம் பிரிவு: மந்திர தந்திரமாகப் பிணத்தைக் குழியிலிருந்து எடுத்து எரித்தால் அந்தக் கிராமமே தண்டம் கட்ட வேண்டும், பாதிரியார் போய் நின்றிருந்தால் அவர் பட்டம் பறிபோகும். ஊர் முழுவதற்கும் அபராதம் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தனி ஆள் செய்கிற வேலையில்லை என்பது அரசனுக்கும் தெரிந்திருக்கிறது.

---

சாவா_நதிக்கரை · சனி, இரவு 11:48

பெல்கிரேடில் ஒன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். என் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாவா என்பது இங்கே ஓடும் ஆறு.

கிசில்யேவோ எனக்குத் தெரிந்த ஊர். பக்கத்திலேயே வெள்ளி ஏரி என்று ஒரு ஏரி உண்டு, கோடையில் ஜனங்கள் குளிக்கப் போகும் இடம். ஆபீஸ் நண்பர்களோடு போயிருக்கிறேன். மீன் வறுவல், பீர், குழந்தைகள் கூச்சல். வாம்பயரைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள், உலகத்துக்கு நாங்கள் கொடுத்த சொல் என்று கொஞ்சம் பெருமையும் படுவார்கள்.

ஆனால் சாவு வீட்டில் சிரிக்க மாட்டார்கள். போன வருஷம் கூட வேலை பார்ப்பவரின் பாட்டி கிராமத்தில் இறந்துபோனார். கறுப்புக் கரை போட்ட இரங்கல் தாள் கதவிலும், தெருமுனைக் கம்பத்திலும், ஒரு மரத்திலும் ஒட்டியிருந்தது. வீட்டில் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ராத்திரி முழுக்கப் பிணத்தின் பக்கத்தில் ஆள் மாறி ஆள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்னப் பையனுக்கு வேலையே பூனையைப் பிடித்து வெளியே விடுவதுதான். பூனை பிணத்தைத் தாண்டிவிட்டால் செத்தவர் எழுந்துவிடுவார் என்பது பழைய பயம். "சும்மா வழக்கம்" என்று நண்பர் தோளைக் குலுக்கினார். அவர் என்ஜினியர். ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் கண் கீழேதான் போனது.

கல்லறையில் அவித்த கோதுமை கொடுத்தார்கள். கோதுமையை அவித்து, வால்நட் பொடியும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி. "கடவுள் அவர் ஆன்மாவை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். நாற்பதாம் நாள் திரும்ப எல்லோரும் கூடினோம். அதுவரை ஆன்மா வீட்டையும் தெரிந்த இடங்களையும் சுற்றும் என்று நம்பிக்கை.

---

மழைக்காகிதம் · ஞாயிறு, காலை 8:10

சாவா அண்ணே, அந்தப் பூனைக்குட்டிப் பையன் கண்ணிலேயே நிற்கிறான்.

நாற்பது நாள் என்றதும் ஞாபகம் வந்தது. வூக் கராஜிச் 1818இல் வெளியிட்ட செர்பிய அகராதியில் வூகோத்லாக் என்ற சொல்லுக்குப் பெரிய விளக்கமே எழுதியிருக்கிறார். செத்து நாற்பது நாள் கழித்துப் பிணத்துக்குள் சாத்தான் ஆவி புகுந்து எழுப்புமாம். எந்தக் குழி என்று கண்டுபிடிக்க, உடம்பில் ஒரு மறு இல்லாத கறுப்புக் குதிரைக்குட்டியைக் கல்லறைகளின் மேல் நடத்திக்கொண்டு போவார்களாம். வாம்பயர் குழியை அது தாண்டாதாம். அப்புறம் குளோக் என்கிற முள்மரத்தில் கழி சீவி எடுத்துக்கொண்டு கூடுவார்கள். இவனும் மனைவியைத் தேடி வருவான், குறிப்பாக அவள் அழகாகவும் இளமையாகவும் இருந்தால். பிறக்கும் பிள்ளைக்கு எலும்பு இருக்காதாம்!

அதாவது வாம்பயர் முதலில் போவது சொந்த வீட்டுக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் செருப்பு விஷயம் அவிழும் என்று தோன்றுகிறது.

---

குழியும்_தூரிகையும் · ஞாயிறு, காலை 11:26

தொல்லியல் படிக்கிறேன். மழைக்காகிதம் கடைசியில் சொன்னது மண்ணுக்குள்ளும் தெரிகிறது.

போலந்தின் வடமேற்கில் திராவ்ஸ்கோ என்ற ஊரில் 17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். 285 எலும்புக்கூடுகள். அதில் ஆறு மட்டும் வித்தியாசமானவை. சிலரின் கழுத்து அல்லது இடுப்பின் குறுக்கே கதிர் அரிவாள், சிலரின் தாடைக்குக் கீழே பெரிய கல். "வெளியூர்க்காரர்கள், அதனால் ஊரார் பயந்திருப்பார்கள்" என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஊகம். பல் எனாமலில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியத்தை அளந்து பார்த்தார்கள். சிறு வயதில் குடித்த தண்ணீரும் தின்ற தானியமும் எந்த மண்ணைச் சேர்ந்தவை என்று அது காட்டிக்கொடுக்கும். 2014இல் முடிவு வெளிவந்தது. ஆறு பேருமே உள்ளூர்.

2022இல் பியேன் என்ற போலந்துக் கிராமத்தில் கிடைத்த பெண்ணின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கழுத்தின் மேல் அரிவாள், கூர்ப்பக்கம் தொண்டையை நோக்கி. இடது கால் பெருவிரலில் பூட்டு. தலையில் பட்டுத் தொப்பி இருந்த தடம், அதாவது வசதியான வீட்டுப் பெண். அடுத்த வருஷம் அதே கல்லறையில் குப்புறப் புதைத்த ஒரு குழந்தை, அதன் கால்பக்கமும் பூட்டு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "வாம்பயர் கல்லறை" என்று தலைப்புப் போட்டால்தான் செய்தி ஓடுகிறது. திராவ்ஸ்கோவைத் தோண்டிய குழுவில் இருந்தவர்களே 2015இல் வேறு விளக்கம் சொன்னார்கள். அரிவாள் வைத்துப் புதைத்தவர்களும் மற்றவர்களைப் போலவே பொதுக் கல்லறையில், முறைப்படிதான் கிடக்கிறார்கள். ஒதுக்கித் தள்ளவில்லை. இரும்பு கெட்டதை விரட்டும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை, ஆகவே அரிவாள் செத்தவரைக் காப்பதற்காகவும் இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்தக் கட்சிதான் சரியாகப் படுகிறது.

---

நைட்_டியூட்டி · ஞாயிறு, பிற்பகல் 1:40

//செத்தவரைக் காப்பதற்காகவும் இருக்கலாம்//

திராவ்ஸ்கோவுக்குச் சரி. பியேனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். காப்பதற்கு என்றால் கூர்ப்பக்கம் ஏன் தொண்டையை நோக்கி? அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தால் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வாள். பிணம் உப்பினாலும் அரிவாள் தானாக இறங்கும். பிணம் ஊதாமல் இருக்க வயிற்றின் மேல் இரும்பு வைப்பது பால்கன் பக்கமும் உண்டு. இரண்டும் ஒரே பயத்தின் இரண்டு முனை என்று நினைக்கிறேன்: ஊதுகிற பிணம் நல்ல பிணம் இல்லை.

---

குழியும்_தூரிகையும் · ஞாயிறு, பிற்பகல் 2:05

கூர்ப்பக்கம் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, டாக்டர். பூட்டுக்கும் என்னிடம் மென்மையான விளக்கம் இல்லை. பட்டுத் தொப்பி போட்டு அனுப்பியவர்களே பூட்டும் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

---

வெண்ணிலா_79 · ஞாயிறு, மாலை 5:30

நான் இங்கே படிக்க மட்டும் செய்கிறவள். 2004இல்கூட ஒரு கிராமத்தில் பிணத்தைத் தோண்டி, இதயத்தை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குடித்தார்கள் என்று படித்தேனே, அது எங்கே?

---

தேரிக்காடு · ஞாயிறு, மாலை 6:02

ருமேனியாவில், சகோதரி. ருமேனியர்கள் ஸ்லாவ் இனம் இல்லை, ஆனால் அக்கம்பக்கம் என்பதால் நம்பிக்கைகள் கலந்திருக்கின்றன. அங்கும் செய்தது வெளியாட்கள் இல்லை, செத்தவரின் சொந்தக்காரர்களே. வீட்டில் ஒரு பெண் நோயில் விழுந்ததற்கு அவர்தான் காரணம் என்று நினைத்தார்கள்.

படிக்க மட்டும் செய்கிறவள் என்று சொல்லிவிட்டு நல்ல கேள்வியாகக் கேட்கிறீர்கள். அடிக்கடி எழுதுங்கள்.

வடக்கே கஷூபியர்கள் இன்னும் ஒரு படி மேலே. போலந்தின் பால்டிக் கரையோர மக்கள். அவர்களிடம் வாம்பயர் ஆவது பிறக்கும்போதே முடிவாகிவிடும். பல்லோடு பிறந்தால் ஒரு வகை, தலையில் பனிக்குடச் சவ்வு போர்த்திப் பிறந்தால் இன்னொரு வகை. சவ்வைப் பத்திரமாகக் காயவைத்து, பிள்ளைக்கு ஏழு வயது ஆனதும் எரித்துச் சாம்பலைக் குடிக்கக் கொடுத்தால் தோஷம் போகும். போகாதவர் செத்தால் குழிக்குள் விழித்துத் தன் துணியையும் சதையையும் தின்பார், பிறகு வெளியே வந்து கோயில் மணியை அடிப்பார். மணிச்சத்தம் எட்டும் தூரம் வரை சாவு.

அதனால் வாய்க்குள் காசு வைப்பார்கள், குப்புறப் போடுவார்கள், பெட்டிக்குள் மீன்வலை போடுவார்கள். வலையின் முடிச்சை எல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் அவர் எழ முடியும், வருஷத்துக்கு ஒரு முடிச்சுதான் அவிழ்க்க முடியும். கசகசாவைத் தூவினாலும் அப்படித்தான், எண்ணி முடிக்க வேண்டும். மீனவ ஜனம், வலைக்கு எத்தனை முடிச்சு என்று அவர்களுக்குத் தெரியாதா? கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

இவர்களில் ஒரு பகுதியினர் 19ஆம் நூற்றாண்டில் கனடாவின் ஒன்டாரியோவில் குடியேறினார்கள். 1960களின் கடைசியில் அங்கே போய் ஒரு ஆய்வாளர் கேட்டபோதும் இந்த நம்பிக்கைகள் உயிரோடு இருந்தன. ஆய்வு அரசுப் பணத்தில் 1972இல் வெளிவந்தது. "வாம்பயர் ஆராய்ச்சிக்கா வரிப்பணம்?" என்று கனடா நாடாளுமன்றம் வரை சண்டை போனது.

---

சும்மா_சுந்தர் · ஞாயிறு, மாலை 6:20

வருஷத்துக்கு ஒரு முடிச்சா? என் பாக்கெட்டில் இருக்கும் இயர்போனைப் பெட்டிக்குள் போட்டால் போதுமே.

அப்புறம் இன்னொன்று படித்தேன். கொசோவோ பக்கத்து ரோமா மக்களிடம் பூசணிக்காயும் தர்பூசணியும் பத்து நாளுக்கு மேல் வீட்டில் கிடந்தால் வாம்பயர் ஆகிவிடும் என்று நம்பிக்கையாம். பல் இல்லாததால் ஆபத்து இல்லையாம். இதற்கும் மருத்துவ விளக்கம் உண்டா டாக்டர்?

---

நைட்_டியூட்டி · ஞாயிறு, இரவு 9:15

அழுகினால் அதுவும் உப்பும், அதிலும் சிவப்பு நீர் வழியும். விளக்கம் முடிந்தது.

---

மழைக்காகிதம் · திங்கள், காலை 7:45

ரஷ்யப் பக்கம் யாரும் போகவில்லையே? அங்கே பயந்தது ரத்தம் குடிப்பவனுக்கு இல்லை, மழையை நிறுத்துபவனுக்கு என்று எங்கோ படித்தேன்.

---

தேரிக்காடு · திங்கள், இரவு 10:30

ஆமாம். ரஷ்யாவில் விஷயம் மண்ணைப் பற்றியது. ஸெலேனின் என்ற இனவரைவியலாளர் 1916இல் இதை விரிவாக எழுதினார். சாவில் இரண்டு வகை. வயதாகி, நோயில் விழுந்து, வீட்டில் செத்தவர்கள் முன்னோர்கள் ஆகிவிடுவார்கள். தூக்குப் போட்டவர், தண்ணீரில் போனவர், குடித்தே செத்தவர், சூனியக்காரர் ஆகியோர் தங்கள் ஆயுளை முடிக்காதவர்கள். மீதி ஆயுளை இங்கேயே அலைந்து கழிப்பார்கள். ஈரமான மண் தாய் அவர்களை ஏற்க மாட்டாள். புதைத்தால் கோபித்துக்கொண்டு வசந்தத்தில் உறைபனி அனுப்புவாள், மழையை நிறுத்துவாள். ஆகவே புதைக்காமல் கிளைகளையும் பலகைகளையும் போட்டு மூடி வைப்பார்கள். வழிப்போக்கர் ஆளுக்கொரு குச்சியைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

கிறிஸ்தவத் திருச்சபை இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே விளாதிமிர் பேராயர் செராபியோன், தண்ணீரில் செத்தவர்களையும் தூக்கில் செத்தவர்களையும் தோண்டி எறிகிறீர்களே என்று பிரசங்கத்தில் திட்டியிருக்கிறார். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு வந்தது. நகரத்துக்கு வெளியே பெரிய குழி, ஏழைகளின் வீடு என்று பெயர். இப்படிச் செத்தவர்களை அதில் மூடாமல் போட்டு வைப்பார்கள். ஈஸ்டருக்குப் பிறகு ஏழாவது வியாழக்கிழமை ஊர் ஜனம் துணியும் பெட்டியும் எடுத்துக்கொண்டு வரும். யாரென்றே தெரியாத பிணங்களுக்குத் தங்கள் கையால் துணி உடுத்திப் புதைப்பார்கள், பாதிரியார் எல்லோருக்கும் சேர்த்து ஜெபம் சொல்வார். வாம்பயர் பற்றிப் படித்ததிலேயே என்னை அசைத்த இடம் இதுதான்.

இப்படி ஒரு குழிக்குப் போனவர்களில் ஒரு ஜார் மன்னரும் உண்டு. செத்துப்போன இளவரசன் திமீத்ரி நான்தான் என்று சொல்லி அரியணை ஏறி, 1606 மே மாதம் மாஸ்கோவில் கொல்லப்பட்ட போலி திமீத்ரி. பிணம் குழிக்குப் போன கையோடு கடும் உறைபனி, பயிர் கருகியது. சூனியக்காரன் வேலை என்று பேச்சுக் கிளம்பியது. தோண்டி எரித்து, சாம்பலை வெடிமருந்தோடு கலந்து, அவன் வந்த போலந்துத் திசையைப் பார்த்துப் பீரங்கியில் வைத்துச் சுட்டார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன.

---

வெண்ணிலா_79 · செவ்வாய், காலை 9:12

இதையெல்லாம் அரசாங்கங்கள் எப்போது நிறுத்தின?

---

தேரிக்காடு · செவ்வாய், இரவு 11:05

ஆஸ்திரியாவில் 1755. ஆனால் அதற்கு முன்னால் அவர்களே இதைப் பெரிதாக்கினார்கள்.

1731 கடைசியில் மொராவா ஆற்றுப் பக்கம் மெத்வெஜா கிராமத்தில் மூன்று மாதத்தில் பதினேழு சாவு. ஐந்து வருஷத்துக்கு முன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்த பாவ்லே என்ற எல்லைக்காவல் வீரன்தான் மூலகாரணம் என்றார்கள். அவனை அப்போதே தோண்டிக் கழி இறக்கியாகிவிட்டது. ஆனால் அவன் ஆடுமாடுகளையும் கடித்தானாம், அந்த இறைச்சியைத் தின்றவர்கள் இப்போது வாம்பயர் ஆகிறார்களாம். ராணுவ மருத்துவர் ஃபிளூக்கிங்கர் 1732 ஜனவரியில் போய் ஒவ்வொரு குழியாகத் திறந்து பார்த்தார். உயிரோடு இருந்தபோது ஒல்லியாக இருந்த மிலிட்சா என்ற கிழவி குழிக்குள் கொழுத்திருந்தாள். டாக்டர் சொன்ன வாயு. அழுகியவர்களைத் திரும்பப் புதைத்தார்கள். அழுகாதவர்களின் தலையை வெட்டி, எரித்து, சாம்பலை மொராவாவில் கரைத்தார்கள். மூன்று மருத்துவர்களும் இரண்டு அதிகாரிகளும் கையெழுத்துப் போட்ட அந்த அறிக்கைதான் ஐரோப்பா முழுக்க வாம்பயர் என்ற சொல்லைக் கொண்டுபோனது.

1755இல் மொராவியா (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) எல்லைப் பக்கம் ஒரு பெண்ணின் பிணத்தை எரித்த செய்தி வந்ததும் மகாராணி மரியா தெரசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனிடம் அறிக்கை கேட்டார். குளிரிலும் காற்றுப் புகாத மண்ணிலும் பிணம் அழுகாமல் கிடப்பது இயல்பு என்று அவர் எழுதினார். இனி அரசாங்கம் அறியாமல் யாரும் பிணத்தைத் தோண்டக் கூடாது என்று ஆணை பிறந்தது.

அதோடு நின்றதா? 1831இல், அப்போது ஆஸ்திரியாவின் கையில் இருந்த கலீசியாவில் காலரா வந்தபோது நகுயெவிச்சி என்ற உக்ரேனியக் கிராமத்தில் ஊபிர் என்று சொல்லி எரித்தது பிணங்களை இல்லை, உயிரோடு இருந்தவர்களை. அந்தப் பக்கம் ஊபிர் என்பவனுக்கு இரண்டு ஆன்மா, செத்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும் என்று நம்பிக்கை. ஆகவே உயிரோடு இருக்கும்போதே அடையாளம் கண்டுவிடலாம் என்று நினைத்தார்கள். இதை எழுதிவைத்தவர் அதே ஊரில் பிறந்த கவிஞர் இவான் ஃபிரான்கோ.

இதை நினைக்கும்போது ஃபிரோம்பால்டின் ஊரார்மேல் எனக்குக் கோபம் குறைகிறது. அவர்கள் கழியை இறக்கியது செத்தவன்மேல்.

---

மட்டுறுத்துனர் · புதன், காலை 10:00

இழை அருமையாகப் போகிறது. ஒரே வேண்டுகோள், உரிந்த தோலின் புகைப்படங்களை இணைக்க வேண்டாம். இரண்டை நீக்கியிருக்கிறேன்.

---

சாவா_நதிக்கரை · ஞாயிறு, இரவு 8:55

ஒரு வாரமாக எட்டிப் பார்க்க முடியவில்லை. ஆனால் செருப்புக் கேள்வியை மறக்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார், கிழக்கு செர்பியக் கிராமத்துக்காரர். இன்று காபிக்குக் கூப்பிட்டிருந்தார். ஃபிரோம்பால்ட் அறிக்கையை எனக்குத் தெரிந்த அரைகுறை செர்பியனில் முழுவதும் சொன்னேன். ஒன்பது சாவு, நெரித்த கதை, வாயில் ரத்தம், எதற்கும் அசையவில்லை. காபித்தூள் கீழே படியட்டும் என்று கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் ஒபான்ட்சி கேட்டான் என்றதும்தான் நிமிர்ந்தார்.

"போட்டு அனுப்பவில்லை போலிருக்கிறது" என்றார். அவர் ஊரில் பிணத்துக்கு நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுத்தான் பெட்டியை மூடுவார்களாம். நாற்பது நாள் நடக்க வேண்டுமே. அவருடைய மாமனாருக்குக் கால் வீங்கி எதுவும் நுழையவில்லையாம், குதிகால் பக்கம் கத்தரித்துப் போட்டு அனுப்பினார்களாம். அதைச் சொல்லும்போது கையால் வெட்டிக் காட்டினார்.

அப்புறம் கேட்டார்: "தோண்டினார்களே, அவன் காலில் என்ன இருந்தது?"

முகம், கை, கால், உடம்பு எல்லாம் கெடாமல் இருந்தன என்று எழுதியிருக்கிறார், காலில் என்ன போட்டிருந்தான் என்று எழுதவில்லை என்றேன்.

"அதைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக் குடித்தார்.